கடன் சங்கம் ஊருக்குத் திருப்பித் தருவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே 'சங்கம்' என்பது, உறுப்பினர்களே பங்குப் பணம் போட்டு, அவர்களிடமே சேமிப்பு வாங்கி, அவர்களுக்கே கடன் கொடுக்கும் அமைப்பு. சிக்கன நாணயச் சங்கம், சிக்கனக் கடனுதவுச் சங்கம், கிரெடிட் யூனியன் என்று நாட்டுக்கு நாடு பெயர் மாறும். உறுப்பினர்கள், நிர்வாகக் குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள், உதவி கேட்டு வரும் அமைப்புகள் ஆகிய மூன்று தரப்பும் வழக்கமாகக் கேட்பவை கீழே.

வங்கிகளும்தான் நன்கொடை தருகின்றன. சங்கம் தருவதில் என்ன தனி?

வங்கியின் பங்குதாரர் அந்த ஊரில் இருக்க வேண்டியதில்லை. சங்கத்தில் கடன் வாங்குபவரும் சேமிப்பவரும் உரிமையாளரும் ஒரே ஆட்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுதான். ஆகவே உபரி வந்தால் அது வெளியே போக வழியில்லை: காப்பு நிதிக்குப் போகும், பங்காதாயமாக உறுப்பினருக்குப் போகும், வட்டிக் குறைப்பாகத் திரும்பும், அல்லது பொதுக் காரியத்துக்குப் போகும். சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995-ல் வகுத்த ஏழு கொள்கைகளில் கடைசிக் கொள்கையே 'சமூகத்தின் மீது அக்கறை' என்பதுதான்.

இதில் ஒரு பழைய பாடம் உண்டு. ஜெர்மனியில் கிராமக் கடன் சங்கங்களுக்கு முன்னோடியான ரைஃபைசன் 1854-ல் ஹெட்டெஸ்டார்ஃபில் தொடங்கியது கடன் சங்கம் அல்ல, தர்மச் சங்கம். வசதியுள்ளவர்களின் கொடையை நம்பி நடந்தது. கொடுப்பவர்களின் ஊக்கம் சில ஆண்டுகளில் வற்றிவிட்டது. 1864-ல் அதையே கடன் சங்கமாக மாற்றி, கடன் வாங்குகிறவர்களையே உறுப்பினராக்கினார். நிலைத்தது அதுதான்.

அப்படியானால் நன்கொடை முக்கியமில்லையா?

முக்கியம்தான், ஆனால் அளவில் சிறியது. சங்கம் ஊருக்குத் தருவதில் பெரும்பகுதி கடன் மேசையிலேயே நடந்துவிடுகிறது. அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை என்பதால் ஆண்டறிக்கையிலும் வருவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10,000 கடன், 12 மாதத் தவணை. வெளியே நூற்றுக்கு மாதம் 5 வட்டி என்று வைத்துக்கொண்டால், குறையும் நிலுவை மீது கணக்கிட்டாலும் தவணை சுமார் 1,128 வரும்; மொத்த வட்டி 3,539. சங்கத்தில் ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் தவணை 888, மொத்த வட்டி 662. ஒருவர் கையில் மிஞ்சுவது 2,877. இப்படி 200 பேருக்குக் கொடுத்தால் ஓராண்டில் ஊருக்குள் தங்கும் பணம் 5,75,400. அந்த அளவு சங்கம் எதுவும் அவ்வளவு தொகைக்கு நன்கொடைக் காசோலை எழுதாது, எழுதவும் முடியாது.

அதனால் 'எங்கள் சங்கம் ஊருக்கு என்ன செய்கிறது?' என்று கேட்பவர் முதலில் பார்க்க வேண்டியது சிறு கடன் பட்டியலை. நன்கொடைப் பட்டியல் அதற்கு அடுத்தது.

அவசரச் சிறு கடன் திட்டம் தொடங்க என்னென்ன விதிகள் வேண்டும்?

அமெரிக்கக் கூட்டாட்சிக் கடன் சங்கங்களுக்கு ஒரு தயார் மாதிரி இருக்கிறது. சம்பள நாள் வரை கந்துவட்டிக்கு வாங்குவதைத் தடுக்க உருவானது. முதல் வகையில் கடன் 200 முதல் 1,000 டாலர் வரை, 1 முதல் 6 மாதம். உறுப்பினராகி ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். 2019-ல் வந்த இரண்டாம் வகையில் 2,000 டாலர் வரை, 12 மாதம் வரை, காத்திருப்பு இல்லை. இரண்டிலும் வட்டி உச்சம் ஆண்டுக்கு 28 சதவீதம், விண்ணப்பக் கட்டணம் 20 டாலருக்குள், ஆறு மாதத்தில் ஒருவருக்கு மூன்று கடனுக்கு மேல் கிடையாது, ஒரு நேரத்தில் ஒன்றுதான். பழைய கடனைப் புதுக் கடனாக உருட்டிக் காட்டக் கூடாது.

28 சதவீதம் அதிகம் என்று தோன்றும். சாதாரணக் கடனுக்கு அங்கே உச்சம் 18 சதவீதம்தான். ஆனால் சிறு கடனுக்கும் பெருங்கடனுக்கும் ஆகும் எழுத்து வேலை ஒன்றே; 500-க்கு 18 சதவீத வட்டியில் அந்தச் செலவு தேறாது. தேறாத திட்டத்தை இரண்டாம் ஆண்டே ஓசையில்லாமல் மூடிவிடுவார்கள்.

உங்கள் சங்கத்துக்கு எழுதும்போது: கடன் உச்சம் ஒரு மாத வருமானத்துக்கு மேல் போக வேண்டாம். ஜாமீன் கேட்காதீர்கள், ஜாமீன் கேட்டால் அவசரக் கடனுக்கு அர்த்தம் போய்விடும். முடிவு ஒரு வேலை நாளுக்குள் வர வேண்டும், அதற்கு அலுவலக அளவிலேயே அனுமதி தரும் அதிகாரம் வேண்டும். தவணையோடு பத்தில் ஒரு பங்கு சேமிப்புக் கணக்கில் விழும்படி வைத்தால், கடன் முடியும்போது கையில் ஒரு சிறு தொகை நிற்கும். அடுத்த அவசரத்துக்கு அது உதவும். இந்தத் திட்டத்தின் மொத்த நிலுவைக்கும் ஒரு வரம்பு போடுங்கள். மேலே சொன்ன அமெரிக்க மாதிரியில் அது சங்கத்தின் நிகர மதிப்பில் (சொத்தில் பொறுப்புகள் போக மிஞ்சுவது) 20 சதவீதம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: தவணை தவறியவருக்கு இரக்கப்பட்டு, பழைய பாக்கியை அடைத்துப் புதுக் கடன் போட்டுக் கொடுப்பது. ஏட்டில் வாராக்கடன் குறைந்ததாகத் தெரியும். உண்மையில் கடன் வளர்ந்துகொண்டிருக்கும். தவணையை நீட்டலாம், அபராத வட்டியை விடலாம், உருட்டக் கூடாது.

நன்கொடைக்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வர வேண்டும்?

நிகர லாபத்திலிருந்து, சட்டப்படியான ஒதுக்கீடுகள் முடிந்த பிறகு. உறுப்பினரின் சேமிப்பிலிருந்தோ காப்பு நிதியிலிருந்தோ அல்ல.

இந்தியாவில் ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கான பல மாநிலக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 2002-ஐ உதாரணமாக எடுத்தால், நிகர லாபத்தில் குறைந்தது 25 சதவீதம் காப்பு நிதிக்கு, 1 சதவீதம் கூட்டுறவுக் கல்வி நிதிக்கு, 10 சதவீதம் எதிர்பாரா இழப்புக்கான காப்புக்கு. அறக்காரியத்துக்கும் கூட்டுறவு வளர்ச்சிக்கும் தரும் நன்கொடை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2023 திருத்தத்துக்குப் பின், தொடர்ந்து மூன்று ஆண்டு லாபத்தில் இருக்கும் சங்கங்கள் நலிந்த சங்கங்களுக்கான மறுவாழ்வு நிதிக்கு 1 சதவீதம் அல்லது ஒரு கோடி, எது குறைவோ அதைக் கட்ட வேண்டும். லாபம் 1,00,000 என்றால் 37,000 இப்படியே ஒதுங்கிவிடும். நன்கொடைக்கு உச்சம் 5,000.

மாநிலச் சட்டங்களில் பதிவான சங்கங்களுக்கு விகிதம் வேறு. அயர்லாந்தின் 1997 சட்டம் சமூக, பண்பாட்டு, அறக்காரியங்களுக்குத் தனி நிதி வைக்க இடம் கொடுக்கிறது. எங்கே இருந்தாலும் முதலில் உங்கள் சட்டத்தையும் துணைவிதியையும் எடுத்துப் பாருங்கள். துணைவிதியில் பொது நல நிதி என்ற தலைப்பே இல்லையென்றால், பொதுப்பேரவையில் (உறுப்பினர் அனைவரும் கூடும் கூட்டம்) திருத்தம் நிறைவேற்றிக் கூட்டுறவுப் பதிவாளரின் ஒப்புதல் வாங்கிய பிறகே தொடங்க முடியும்.

லாபம் ஓராண்டு ஏறுகிறது, ஓராண்டு இறங்குகிறது. எப்படித் திட்டமிடுவது?

போன வருட லாபத்தில் இத்தனை சதவீதம் என்று வைக்காமல், கடந்த மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் இத்தனை சதவீதம் என்று வையுங்கள். சட்ட உச்சத்தையும் தாண்டக் கூடாது. நல்ல ஆண்டில் உச்சம் வரை ஒதுக்கினாலும் முழுவதையும் செலவழிக்க வேண்டாம்; மூன்றில் ஒரு பங்கை நிதியிலேயே விடுங்கள். நட்டம் வந்த ஆண்டில் புதிதாக ஒதுக்க முடியாது. அப்போது ஏற்கெனவே வாக்குக் கொடுத்தவற்றை முடிக்க அந்த மீதிதான் உதவும்.

யாருக்குக் கொடுப்பது என்று யார் தீர்மானிக்க வேண்டும்?

தலைவர் தனியாகத் தீர்மானிக்கக் கூடாது. எவ்வளவு, எந்தெந்தத் துறைக்கு என்பதைப் பொதுப்பேரவை முடிவு செய்யட்டும். கனடாவின் டெஜார்டின் சங்கங்களில் சமூக நிதிக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதை ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்கிறார்கள். தனித்தனி விண்ணப்பங்களை மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட துணைக்குழு பார்க்கலாம். அதில் ஒருவராவது நிர்வாகக் குழுவில் இல்லாத சாதாரண உறுப்பினராக இருக்கட்டும்.

குழு உறுப்பினருக்கோ அவர் குடும்பத்துக்கோ தொடர்புள்ள அமைப்பு விண்ணப்பித்தால், அவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போக வேண்டும். 'பேசவில்லை, ஆனால் உட்கார்ந்திருந்தார்' என்பது போதாது. அவர் வெளியே போன நேரமும் திரும்பிய நேரமும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். தணிக்கையில் இந்த ஒரு வரி இல்லாததால் நல்ல உதவிகள்கூடக் கேள்விக்கு உள்ளாகும்.

ஆண்டு முழுவதும் விண்ணப்பம் வாங்காதீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை, தேதி அறிவித்து வாங்குங்கள். எப்போது வந்தாலும் வாங்குவோம் என்றால், முதலில் வந்தவருக்கும் அடிக்கடி வந்து நிற்பவருக்கும்தான் போகும்.

விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்?

இரண்டு பக்கம் போதும். அமைப்பின் பதிவு எண்ணும் வங்கிக் கணக்கும், யாருக்கு என்ன பயன், எத்தனை பேருக்கு, பொருள் வாங்குவதானால் இரண்டு கடைகளின் விலைப்புள்ளி, மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது, வாங்கிய பிறகு யார் பராமரிப்பார்கள்.

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, பணம் வீணாவது அங்கேதான். பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கி மாட்டுவது ஒரு நாள் வேலை. முன் வடிகட்டியில் வண்டல் அடைத்துச் சில மாதத்திலேயே மாற்ற வேண்டியிருக்கும், அதற்குப் பின் சவ்வையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் குழாயில் தண்ணீர் நூல்போல வரும். பிள்ளைகள் பழைய குழாய்க்கே திரும்பிப் போய்விடுவார்கள். இயந்திரத்தின் மேல் மட்டும் சங்கத்தின் பெயர் பளிச்சென்று இருக்கும். எனவே இரண்டு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் செலவையும் சேர்த்தே அனுமதியுங்கள். பணம் போதவில்லை என்றால் சிறிய இயந்திரமாக வாங்கச் சொல்லுங்கள்.

பணத்தை எப்படிக் கொடுப்பது?

ரொக்கமாக ஒருபோதும் வேண்டாம். தனிநபர் கணக்குக்கும் வேண்டாம், அவர் அந்த அமைப்பின் செயலாளராகவே இருந்தாலும். பொருளென்றால் விற்பவரின் கணக்குக்கே நேராக அனுப்புவது மேல். நிகழ்ச்சி, பயிற்சி போன்றவற்றுக்கு 60 சதவீதம் முன்பாக, மீதி 40 சதவீதம் பில்லும் ஒரு பக்க அறிக்கையும் வந்த பிறகு. 90 நாளுக்குள் அறிக்கை வராத அமைப்பு அடுத்த இரண்டு சுற்றுக்கு விண்ணப்பிக்க முடியாது என்று படிவத்திலேயே அச்சிடுங்கள்.

ஒரே அமைப்புக்கு நிதியில் 20 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே நேரம் எல்லாரையும் திருப்திப்படுத்த ஐம்பது பேருக்குத் துளித்துளியாகப் பிரித்துக் கொடுப்பதும் பயனில்லை. அந்தத் தொகையில் அவர்கள் பேனர் அடிக்கத்தான் முடியும்.

விழாவுக்கு ஸ்பான்சர் செய்வதை நன்கொடைக் கணக்கில் எழுதலாமா?

கூடாது. சங்கத்தின் பெயர் மேடையில் வர வேண்டும் என்பது நிபந்தனையானால் அது விளம்பரச் செலவு. அந்தத் தலைப்பிலேயே எழுதுங்கள்.

கல்வி உதவித்தொகை தொடங்க நினைக்கிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பெருக்கலில். ஆண்டுக்கு 10 மாணவர், ஒவ்வொருவருக்கும் நான்கு ஆண்டுப் படிப்பு முழுக்க உதவி என்று அறிவிக்கிறார்கள். முதல் ஆண்டுச் செலவு 10 பேருக்கு. இரண்டாம் ஆண்டு புதிய 10 பேர் சேர்ந்து 20. நான்காம் ஆண்டில் ஒரே நேரத்தில் 40 பேர். முதல் ஆண்டு பட்ஜெட்டை வைத்து முடிவெடுத்த குழு, மூன்றாம் ஆண்டில் 'இனிப் புதிதாகச் சேர்ப்பதில்லை' என்று அறிவிக்கும். அல்லது, அதைவிட மோசமாக, பாதியில் இருக்கும் மாணவருக்கு நிறுத்தும். நிதியால் 40 பேரைத் தாங்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால் ஆண்டுக்கு மூன்று பேர் எடுத்துக் கடைசிவரை கொடுங்கள்.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கொடுத்தால், ஏற்கெனவே நான்கு இடத்தில் உதவி பெறும் மாணவருக்கே ஐந்தாவதாகவும் போகும். மாணவரைத் தேர்ந்தெடுக்கும் புள்ளிகளில் பாதியையாவது குடும்ப வருமானத்துக்கு வையுங்கள். தொகையைக் கட்டணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன் கொடுங்கள். ஆண்டுவிழா மேடைக்காகக் காத்திருந்தால் அந்தக் குடும்பம் அதற்குள் வெளியே கடன் வாங்கியிருக்கும்.

பள்ளிச் சேமிப்புத் திட்டம் இன்றும் பயன்படுமா?

பயன்படும். அல்போன்ஸ் டெஜார்டின் கியூபெக்கின் லெவியில் 1900-ல் நிறுவிய சங்கம் 1901-ல் வேலையைத் தொடங்கியபோது முதலில் விழுந்த சேமிப்பு 10 சென்ட். சிறு தொகையை மதித்து வாங்குவது இந்த இயக்கத்துக்குப் புதிதல்ல.

நடைமுறை இப்படி: மாதம் ஒரு நாள், சங்க ஊழியர் பள்ளிக்குப் போவார். மாணவர் முன்னிலையில் எண்ணி, பாஸ்புக்கில் எழுதி, ரசீது தருவார். எண்ணும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும். பணம் அன்றே சங்கத்துக்கு வந்து வரவு வைக்கப்பட வேண்டும். ஆசிரியரிடம் வசூலை ஒப்படைத்து 'வாரக் கடைசியில் கொண்டுவந்து கொடுங்கள்' என்று விடுவதுதான் பெரும்பாலும் சிக்கலில் முடியும். ஆசிரியர் நேர்மையானவராக இருந்தாலும், ஒரு ரசீது குறைந்தால் பழி அவர் மேல் வரும்.

மாணவர் பள்ளியை விட்டுப் போகும் மாதம் கணக்கை முடித்துக் கொடுங்கள், அல்லது முறையான உறுப்பினர் கணக்காக மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான செயலற்ற சிறு கணக்குகள் தேங்கிவிடும்.

நிதி விழிப்புணர்வு வகுப்புக்கு ஆள் வருவதில்லையே?

'சேமிப்பின் அவசியம்' என்று தலைப்பு வைத்தால் வர மாட்டார்கள். 'உங்கள் கடன் சீட்டைக் கொண்டுவாருங்கள், உண்மையான வட்டி எவ்வளவு என்று பார்ப்போம்' என்றால் வருவார்கள். ஒரு மணி நேரம், ஒரே விஷயம், 15 பேர். வந்தவர் எண்ணிக்கையை வெற்றியாகக் கணக்கு வைக்காதீர்கள்; வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆறு மாதத்தில் சேமிப்பைத் தொடங்கினார்கள், எத்தனை பேர் வெளிக்கடனைச் சங்கத்துக்கு மாற்றினார்கள் என்பதைப் பாருங்கள். வகுப்பில் சங்கத்தின் கடன் திட்டத்தை விற்க வேண்டாம். விற்றால் அடுத்த வகுப்புக்குக் கூட்டம் பாதியாகும்.

வெள்ளம், புயல் போன்ற நேரத்தில் சங்கம் எதை முதலில் செய்ய வேண்டும்?

முதலில் கையில் ரொக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேரிடரில் தவணை வருவது நிற்கும், அதே வாரம் சேமிப்பை எடுக்கவும் ஆட்கள் வருவார்கள். இரண்டும் ஒன்றாக நடக்கும். சேமிப்பைக் கேட்டவருக்கு உடனே கொடுக்க முடியாத சங்கம், அரிசி மூட்டை விநியோகித்து என்ன பயன்?

அடுத்தது தவணை விடுப்பு. மூன்று மாத விடுப்பென்றால் வட்டி ஓடுமா நிற்குமா என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். 10,000 நிலுவைக்கு 12 சதவீதத்தில் மூன்று மாத வட்டி 300. அதைத் தள்ளுபடி செய்கிறீர்களா, கடைசியில் சேர்க்கிறீர்களா, தவணை ஏறுமா, மாதங்கள் கூடுமா? வாய்மொழியாக 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றால், நான்காம் மாதம் வரும் நோட்டீஸ் செய்த உதவியையே மறக்கடித்துவிடும். வட்டியைத் தள்ளுபடி செய்தால் அந்தத் தொகை எந்தத் தலைப்பில் ஈடுகட்டப்படுகிறது என்பதையும் குழுத் தீர்மானத்தில் எழுதுங்கள்.

உறுப்பினர் அல்லாதவருக்குக் கொடுக்கலாமா? கட்சி, மதக் காரியங்களுக்கு?

நன்கொடையை உறுப்பினர் அல்லாதவருக்குப் பயன்படும் பள்ளி, நூலகம், மருத்துவமனை போன்றவற்றுக்குக் கொடுக்கலாம். கடன் உறுப்பினருக்கு மட்டும். கட்சிக்குக் கூடவே கூடாது. மத விழாக்களுக்கு 'கொடுப்பதில்லை' என்று பொது விதியாக எழுதிவிடுவது நல்லது. ஒன்றுக்குக் கொடுத்தால் அடுத்ததை மறுக்கக் காரணம் கிடைக்காது.

என் பங்காதாயத்தில் ஒரு பகுதியைக் கேட்காமலேயே நன்கொடைக்குப் பிடித்துவிட்டார்கள். சரியா?

சரியில்லை. உங்கள் பெயரில் அறிவித்த பங்காதாயம் உங்களுடைய பணம். எழுத்துமூலம் சம்மதித்தவரிடம் மட்டுமே பிடிக்கலாம். பொதுப்பேரவைத் தீர்மானம் இருக்கிறது என்பார்கள். அறிவிப்பதற்கு முன் எவ்வளவு ஒதுக்குவது என்று பேரவை தீர்மானிப்பது வேறு, அறிவித்த பிறகு தனிநபர் கணக்கில் கைவைப்பது வேறு. முதலில் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

ஆண்டறிக்கையை வைத்து எங்கள் சங்கத்தை எப்படி எடைபோடுவது?

படங்கள் உள்ள பக்கங்களைத் தாண்டி, கணக்கு அட்டவணைக்குப் போங்கள். பொது நல நிதியின் தொடக்க இருப்பு, ஆண்டில் சேர்ந்தது, செலவானது, முடிவு இருப்பு ஆகிய நான்கு எண்களும் பொருந்துகின்றனவா? பெற்றவர்களின் பெயரும் தொகையும் இருக்கின்றனவா, அல்லது 'பல்வேறு நலப்பணிகள்' என்று ஒரே வரியா? இருப்பு ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போனால், ஒதுக்குகிறார்கள் ஆனால் கொடுப்பதில்லை என்று பொருள்.

பிறகு கடன் பகுதி. மொத்தக் கடன் எண்ணிக்கையில் மிகச் சிறிய கடன்கள் எத்தனை, போன ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று கேளுங்கள். தொகையை மட்டும் சொன்னால் எண்ணிக்கையையும் கேட்டு வாங்குங்கள். சில பெரிய கடன்கள் தொகையை உயர்த்திக் காட்டும். அதோடு தவணை கடந்த கடன் சதவீதமும், சேமிப்புக்குத் தரும் வட்டிக்கும் கடனுக்கு வாங்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளியும். இந்த இடைவெளி விரிந்துகொண்டே போய், நன்கொடையும் கூடிக்கொண்டே போனால், உறுப்பினரிடம் கூடுதலாக வாங்கித்தான் கொடுக்கிறார்கள். கேள்வியைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மேடையில் திடீரென்று கேட்டால் 'விவரம் எடுத்துத் தருகிறோம்' என்ற பதிலோடு அந்த ஆண்டு முடிந்துவிடும்.